இன்னும் கால் சுற்று

கரண்டித் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனதும் கட்டிலில் கிடந்த புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் இல்லையா? அப்படியானால் போர்வையாக இருக்கும். காதம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அதுவும் இல்லை. தலையணையை உயர்த்தினாள், மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள். அவர் உதடுகள் இன்னொரு முறை அசைந்தன. பிறகு, போ, நீயும் உன் பணிவிடையும் என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மடித்த துணிகளோடு உள்ளே வந்த மகள் பாப்பா, நேரே போய் ஜன்னலைத் திறந்தாள்.

"நாலு தடவை சொல்லிட்டார்மா, ஜன்னலைத் திறன்னு. கூடத்துல இருக்கிற எனக்கே கேக்குது. பக்கத்துல உக்காந்திருக்க, உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. வெளியில ஒரே புழுதியா இருக்கேன்னு யோசிச்சேன்."

பொய் சொல்வதிலும் கை பழகிவிடும் போலிருக்கிறது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. அவருக்குக் குரல் போய், மூன்று நாளாக வெறும் காற்றாகத்தான் பேச்சு வருகிறது. அந்தக் காற்றில் ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. பல்செட்டையும் கழற்றி வைத்துவிட்டதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. குத்துமதிப்பாக எதையாவது செய்வாள். பத்தில் இரண்டு சரியாக அமையும்.

காதம்மா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. யார்தான் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள்! அது புருஷன் வைத்தது. வீட்டு முன்னறையில் இருந்த அவர் கிளாரினெட் கடைக்கு வருகிறவர்களிடம், "இது என் சம்சாரம்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இது என் காது" என்பார். கேட்டவர்கள் சிரித்து, பிறகு மரியாதைக்கு ஒரு அம்மாவும் சேர்த்து, காதம்மா ஆக்கிவிட்டார்கள்.

அவருக்கு அவர்கள் வைத்த பெயர் துளைக்காரர். கிளாரினெட் என்பது பார்க்க ஒரே குழாய் மாதிரி இருந்தாலும், ஐந்து துண்டுகளைக் கோத்த கருங்காலி மரம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாத் துளையும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஊதிப் பார்த்தால் ஒரு ஸ்வரம் கணீரென்று வரும், அடுத்தது ஜலதோஷம் பிடித்தவன் பேசுவது மாதிரி அடைத்துக்கொண்டு வரும். துளைக்காரர் அந்தத் துளையின் அடி விளிம்பை உள்ளிருந்து ஒரு சின்ன வெட்டுளியால் செதுக்கி அகலப்படுத்துவார். ஊதும் வாய்க்குக் கீழே இருக்கிற பேரல் என்கிற குட்டைத் துண்டின் உட்புறத்தை ரீமர் என்கிற கூம்பு உளியால் கடைவார். எல்லாம் கால் சுற்று, கால் சுற்றாகத்தான். மரம் போகப் போகச் சத்தம் கூர்மையாகும்; அளவு மீறினால் கிறீச்சிடும். கால் சுற்றுக்கு ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் விழும். விழுந்த தூளை மறுபடியும் மரமாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அதனால் எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழிலே.

அதைத்தான் அவரால் தனியாகச் செய்ய முடியாது. "ஊதுறவனுக்குத் தன் சத்தம் பல்லு வழியா, தாடை எலும்பு வழியா மண்டைக்குள்ளயே போயிடும். வெளியில இருக்கிறவனுக்கு என்ன கேக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் எதையோ கடைந்துகொண்டும் ஊதிக்கொண்டும் இருந்தபோது, அடுப்படியிலிருந்து புதுப்பெண்டாட்டி, "இப்பதாங்க அதுக்கு மூக்கடைப்பு போச்சு" என்று சொன்னாள். அவர் கருவியும் கையுமாக ஓடிவந்து அவளைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை மனிதர்.

அன்று ஆரம்பித்த பழக்கம் முப்பத்தோரு வருஷம் ஓடியது. முன்னறையில் அவர் கால் சுற்று எடுப்பார், மூன்று ஸ்வரம் ஊதுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியிலிருந்து அவள், "இன்னும்" என்பாள், அல்லது "போதும்" என்பாள். முன்னறைக்கு வரவே கூடாது. "எதிர்ல வந்து உக்காந்தா உன் கண்ணுதான் கேக்கும், காது கேக்காது" என்பது அவர் கட்டளை. அவளுக்கோ பாட வராது. தாலாட்டுப் பாடினால் பாப்பா முன்னிலும் அதிகமாக வீரிடும். ஆனால் அடுத்த தெருவில் போகிற சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் போடவில்லை என்று சொல்லிவிடுவாள். வாத்தியக்காரர்கள் கருவியை வாங்கிக்கொள்ளும்போது அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காதம்மா போதும்னு சொல்லிட்டாங்களா?"

அந்தக் காதுதான் போயிற்று. போகும்போது சொல்லிக்கொண்டா போகிறது! வாசல் மணி அடித்தது கேட்கவில்லை; மணி ரிப்பேர் என்று நினைத்தாள். எலக்ட்ரீஷியன் வந்து அடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று போய்விட்டார். பாப்பா டெலிபோனில் முணுமுணுக்கிறாள் என்று கோபித்துக்கொண்டாள். இன்னொன்றும் நடந்தது. அவர் ஊதிய ஸ்வரங்கள் எல்லாமே அடைத்துக்கொண்ட மாதிரி அவளுக்குக் கேட்க ஆரம்பித்தன.

"எனக்குத் தெளிவா இருக்கிற மாதிரி தோணுதே" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுப்பார்.

"உங்களுக்கு உங்க மண்டைக்குள்ள கேக்குது. நான்ல வெளியில இருக்கேன்? இன்னும்."

"உத்தரவு மகாராணி" என்று சிரித்துக்கொண்டே இன்னும் கால் சுற்று எடுப்பார்.

முதலில் ஒருவர் திரும்பி வந்து, ரொம்பக் கிறீச்சிடுது என்றார். அடுத்தவர் காதைக் குத்துது என்றார். துளைக்காரர் உளியை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், மேஜையை வெளிச்சம் பார்த்து நகர்த்திப் போட்டார். கடைசியாக பேண்டு மாஸ்டரின் கருவி வந்தது. இருபது வயசிலிருந்து அவருக்கும் இவருக்கும் சிநேகிதம். அந்தக் கிளாரினெட் பேண்டு மாஸ்டருக்கு அவர் தகப்பனார் கொடுத்தது. ஒரே ஒரு ஸ்வரம் லேசாக அடைக்கிறது, வேறொன்றும் தொடாதே என்று சொல்லிக் கொடுத்திருந்தார். காதம்மா அன்றைக்கு அடுப்படியில் நின்று மூன்று தடவை இன்னும் என்றாள். நாலாவது தடவைதான் போதும் என்றாள்.

பேண்டு மாஸ்டர் வாங்கி ஊதிப் பார்த்தார். ஊரையே அதட்டுகிற தொண்டை அவருக்கு. அன்றைக்குச் சத்தமே போடவில்லை. கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார். "கொன்னுட்டியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துளைக்காரருக்குக் கை போய்விட்டது என்ற பேச்சு ஒரே மாதத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரிடமும் பரவியது. அவர் தானே ஏணி வைத்து ஏறிப் பெயர்ப் பலகையைக் கழற்றினார்.

அதற்கு ஆறு மாதம் கழித்து, பாப்பாவின் தொந்தரவு தாங்காமல், காதம்மா மட்டும் தனியாகக் காது டாக்டரிடம் போனாள். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். கேட்டபோதெல்லாம் அமுக்கினாள். வெளியே வந்தால், தாளில் கோடு பாதிவரை நேராகப் போய் அங்கிருந்து சறுக்கிக் கீழே விழுந்திருந்தது. மேல் சத்தம் எதுவுமே உங்களுக்கு விழவில்லை, குறைந்தது ஐந்தாறு வருஷமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, கிறீச்சிடுகிறது என்று திரும்பி வந்த கருவிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பதினொன்று. ஒன்றில்கூட அவர் கை பிசகியிருக்கவில்லை. அவள் எங்கே சொன்னாளோ அங்கேதான் நிறுத்தியிருந்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அவர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, தளும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "நடுங்குதா பாரு" என்றார். நடுங்கவில்லை. பாறை மாதிரி இருந்தது கை. அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "வயசாச்சு இல்லையா" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளையே கேட்டாலும் தெரியாது. இது என் காது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர். அந்தக் காது இல்லை என்றால் அவள் அவருக்கு யார், வெறும் சமையல்காரிதானே என்று பயந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். நாளைக்கு என்பது இரண்டரை வருஷம் ஆனது. டாக்டர் எழுதிக்கொடுத்த காது மிஷினையும் வாங்கவில்லை, மாட்டிக்கொண்டால் தெரிந்துவிடுமே. பாப்பாவிடம், காதில் அழுக்குதான், எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தாள். அந்தத் தாள் தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. அவர் தினமும் டம்ளரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வயிற்றில் கட்டி வந்தது. டம்ளரைப் பிடிக்கிற தெம்பும் போனது.

இன்று காலை வந்த நர்ஸ், நாடியைப் பார்த்துவிட்டுப் பாப்பாவை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். சொன்னது கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பாப்பா திரும்பி வந்து, ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். இன்றைக்குள் சொல்லியாக வேண்டும் என்று காதம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கை போன மனிதனாக அவர் சாகக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவர் திட்டட்டும், காறித் துப்பட்டும்.

பத்தரை மணிக்கு பேண்டு மாஸ்டர் வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் அவர் செருப்பு. கையில் அதே கறுப்புப் பெட்டி.

"எங்க அவன்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னடா துளை, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? சொல்லி அனுப்பக் கூடாதா எனக்கு?" என்றார். அவர் பேசினால் காதம்மாவுக்கும் கேட்டுவிடும்; அப்படியொரு தொண்டை.

துளைக்காரர் பெட்டியையே பார்த்தார். உதடு அசைந்தது. பேண்டு மாஸ்டர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஊதவா? வேண்டாம்டா. இப்ப எதுக்குடா அது? உனக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன், உன் கையில கொடுத்துட்டுப் போகலாம்னு." மறுபடி குனிந்தார். "சரி, சரி. மூணே மூணு."

துண்டுகளைக் கோத்தார். நாணல் ரீடை நாக்கில் நனைத்துப் பொருத்தினார். முப்பத்தோரு வருஷமாக முன்னறையிலிருந்து வந்த அதே மூன்று ஸ்வரங்களை ஊதினார்.

மகளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது; ஒரு காதைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். ஊதியவரே முகத்தைச் சுளித்துக்கொண்டார். துளைக்காரர் கண்ணை இறுக மூடினார். இமையோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

காதம்மாவுக்கு அது தேன் மாதிரி இருந்தது. அடைப்பில்லை, கரகரப்பில்லை, உருண்டு திரண்டு வந்தது மூன்றும். இப்போது கேட்டாலும் போதும் என்றுதான் சொல்வாள். அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கு வலித்தது, அவளுக்கு மட்டும் இனித்தது. அவளுக்குத் தன் காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

"விடுடா" என்றார் பேண்டு மாஸ்டர். "கைதானே? யாருக்குத்தான் போகாது? எனக்கும் ரெண்டு பல்லு ஆடுது, இனி நானும் ஊத மாட்டேன். அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன். நீ அதை மனசுல வெச்சுக்கிட்டுப் போகாதே, என்ன?"

துளைக்காரர் அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றி வேறு! காதம்மா இரண்டடி முன்னால் வந்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தாள்.

"அண்ணே, டீ போடட்டுமா?" என்றாள்.

அடுப்படிக்கு அவரும் பின்னாலேயே வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படியாகவே பேசினார்.

"ஒண்ணு சொல்றேன் தங்கச்சி, மனசுல போட்டுக் குழப்பிக்காதே. அன்னைக்கே அவன்கிட்ட கேட்டேன். தங்கச்சி போதும்னு சொல்லியிருப்பாளே, அதுக்கு மேல ஏன்டா கையை வெச்சன்னு. 'அவ சரியாத்தான் சொன்னா, நான்தான் கேக்காம இன்னும் கால் சுற்று எடுத்துட்டேன்'னான். அதுலதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். உன் பேச்சைத் தாண்டினான் பாரு, அன்னைக்கே அவன் போயிட்டான்."

காதம்மா வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படியா சொன்னார்?"

"பின்ன? நானா கட்டிச் சொல்றேன்?"

அவர் தாண்டவில்லை. ஒருநாளும் தாண்டியதில்லை. அவள் போதும் என்ற இடத்தில் ரீமரைக் கீழே வைத்துவிடுவார். அந்தச் சத்தம்கூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் சிநேகிதனிடம் ஏன் அப்படிச் சொன்னார்? பெண்டாட்டி பெயர் கெட வேண்டாம் என்று சொன்னாரா? இல்லை, அப்போதே தெரியுமா? டாக்டருக்கு முன்னாலேயே, அவளுக்கே தெரிவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் தினமும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நடுங்குதா பாரு என்று கேட்டாரா? இன்றைக்காவது சொல்வாளா, இன்றைக்காவது சொல்வாளா என்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

இனி சொன்னால் மட்டும் போதாது. கேட்கவும் வேண்டும்.

பேண்டு மாஸ்டர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் இரண்டு மணிக்கு மகளுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "இதோ வந்துடறேன்மா, அப்பாவைப் பார்த்துக்க" என்று கூடத்துக்குப் போனாள். காதம்மா அறைக் கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க."

கண்ணைத் திறந்தார்.

"உங்க கை போகலைங்க. என் காதுதான் போச்சு. எனக்கு மேல் சத்தம் எதுவும் கேக்காது. டாக்டர் எழுதியே கொடுத்துட்டார். ரெண்டரை வருஷமா ஒளிச்சு வெச்சிருக்கேன். அத்தனை கருவியும் நான் கெடுத்தது. மாஸ்டர் அண்ணனோடதும் நான் கெடுத்ததுதான். இன்னும், இன்னும்னு நான்தான் சொன்னேன். நீங்க ஒரு தப்பும் பண்ணலை." மூச்சு வாங்கியது அவளுக்கு. "வயசாச்சுன்னு சொன்னேனே, அது பொய்ங்க. பாவி நான். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுதான் அண்ணன்கிட்ட அப்படிச் சொன்னீங்களா? சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். மூன்று நாளாகக் கலங்கிக் கிடந்த கண் தெளிந்திருந்தது. பார்வையில் கோபம் இருந்ததா, ஆச்சரியம் இருந்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு உதடு அசைந்தது.

ஒரு சொல் இல்லை. ஆம், இல்லை என்றால் தலையசைப்பில் முடிந்திருக்கும். அவர் ஒரு முழு வாக்கியம் பேசினார். நடுவில் நிறுத்தி, மூச்சை இழுத்து, இன்னொரு வாக்கியமும் பேசினார்.

அவள் தன் இடது காதை, அதுதான் கொஞ்சம் தேவலை, அவர் வாயோடு சேர்த்து வைத்தாள். கன்னத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது. அவ்வளவுதான். காற்றுக்கு நடுவே என்ன இருந்ததோ, அது அவளுக்கு வரவில்லை.

"கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமா. ஒரே ஒரு தடவை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை இன்னும் மெதுவாக.

பாப்பாவைக் கூப்பிட வேண்டியதுதான். கூடத்தில்தான் இருக்கிறாள். கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். குனிந்து கேட்டுச் சொல்லிவிடுவாள். ஆனால் அவர் சொல்வது என்ன? பாவி, என் பிழைப்பைக் கெடுத்தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தால்? அதைப் பெற்ற பெண் வாயால் கேட்க வேண்டுமா? பெண்ணுக்கும் அல்லவா எல்லாம் தெரிந்துபோகும்? காதம்மா கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மூச்சு நேரம், மிஞ்சிப்போனால் மூன்று மூச்சு நேரம், அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "பாப்பா! ஓடிவாடி! அப்பா ஏதோ சொல்றார்!"

மகள் போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்டியிட்டாள். "என்னப்பா? சொல்லுங்கப்பா."

அவர் மகளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது.

"நல்லாக் கேளு, நல்லாக் கேளு" என்று காதம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

மகள் நிமிர்ந்தாள். "தண்ணி கேக்கிறார்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையே. தண்ணின்னு மட்டும்தான்."

கரண்டியால் விட்ட தண்ணீர் பாதி உள்ளே போயிற்று, பாதி வெளியே வழிந்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு மணி சுமாருக்கு, காதம்மா அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவள் அப்படியே காத்திருந்தாள். மகள்தான் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கூடத்து நாற்காலிகளையெல்லாம் வெளியே போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்தி அவரை நடுவில் கிடத்தியிருந்தார்கள். வாத்தியக்காரர்கள் வந்தார்கள். கருவி கெட்டவர்களும் வந்தார்கள். இரண்டு பேர் அழக்கூடச் செய்தார்கள். என்ன கையிருந்த மனுஷன், கடைசியில அது போயிடுச்சு என்று அவர்கள் பேசிக்கொள்வதை அவள் உதட்டசைவிலேயே தெரிந்துகொண்டாள். அதற்குக் காது தேவையாக இருக்கவில்லை.

பேண்டு மாஸ்டர் அவளருகே வந்து நின்றார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவர் கையில ஒரு குத்தமும் இல்லண்ணே. எனக்குக் காது கேக்காது. நான்தான் இன்னும் இன்னும்னு சொல்லி வெட்ட வெச்சேன். டாக்டர் தாள் இருக்கு, எடுத்துக் காட்டறேன். இங்க இருக்கிறவங்ககிட்ட நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் தலையில் கை வைத்தார்.

"நல்ல மனசு தங்கச்சி உனக்கு. அவன் உன்னை விட்டுக் கொடுக்கலை, நீ அவனை விட்டுக் கொடுக்கலை. இப்படி ஒரு புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்ததே இல்லை. நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேனே, இனி எதுக்கு இந்தப் பொய்யெல்லாம்? செத்தவனை நிம்மதியாப் போக விடு."

"பொய் இல்லண்ணே. சத்தியமா."

"சரி, சரி. உக்காரு. எதாவது வாயில போட்டியா? பாப்பா, அம்மாவுக்குக் கொஞ்சம் பால் கொண்டா."

தையல் மிஷின் உள்ளறையில் இருந்தது. அதன்மேல் யார் யாருடைய பைகளோ, குடைகளோ மலை மாதிரி குவிந்திருந்தன. காதம்மா அறை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். எடுத்துக் காட்டினாலும் யார் படிக்கப் போகிறார்கள்? மகள் பால் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, நேத்து நான் போன்ல இருந்தப்போ அப்பா உன்கிட்ட என்னம்மா சொன்னார்?"

அருகிலிருந்து நேராகப் பார்த்துக் கேட்டதால் புரிந்தது.

"எனக்குக் கேக்கலை பாப்பா."

"எனக்கும் தண்ணிக்கு மேல ஒண்ணும் கேக்கலைம்மா. குரலே இல்லையே, பாவம், எப்படிக் கேக்கும்?" என்று மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குமேல் தோளுக்குள் அவள் பேசியது எதுவும் காதம்மாவுக்கு எட்டவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் மயானத்துக்குப் போகும் வேன் வந்து நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரே சமயத்தில் எல்லோரும் பேசினார்கள். கைகள் ஆடின, வாய்கள் திறந்து மூடின. கையுறை போட்ட ஒரு ஆள் உள்ளே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, இன்னார்தான் என்று தெரிந்துகொண்டு, அவளுக்கு எதிரே வந்து பணிவாகக் குனிந்தான். முகத்தில் பாதியைத் துணி மறைத்திருந்தது. ஏதோ கேட்டான். பதிலுக்காக நின்றான். மறுபடியும் கேட்டான்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தலையை ஆட்டினாள்.

அந்த ஆள் திரும்பிக் கையைக் காட்டினான். நாலு பேர் குனிந்தார்கள். ஐயோ, இப்போதேவா, இன்னும் கொஞ்சம் என்று அவள் எழுந்திருப்பதற்குள் அவரைத் தூக்கிவிட்டார்கள். கால் பக்கம் பிடித்திருந்தவர், வாசல் நிலையில் இடிக்காமல் இருக்க, உடம்பை ஒருக்களித்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தார்.